விபத்தும் ஈடும் – ஓர் அறவியல் நோக்கு

மகாவம்சத்தின் 21 ஆம் அத்தியாயம் எல்லாள மன்னனைப் பற்றிக் கூறும் செய்திகளுள் இரண்டு, தேரினால் நேர்ந்த விபத்துக்கள் பற்றியனவாகும். மன்னனின் மைந்தன் திசாவாவிக்குத் தேரூர்ந்து சென்றபொழுது, தாய்ப்பசுவோடு வழியிற் கிடந்த இளங்கன்று தேர்க்காலில் அகப்பட்டு மடிந்தது. பசு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. அதே தேர்க்காலினால் மைந்தனின் தலையைத் துண்டிக்குமாறு மன்னன் செய்தான். திருவாரூரில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் மனுநீதிச் சோழன் வரலாறும் இதனையொத்ததே என்பதை யாவரும் அறிவர்.

இரண்டாவது செய்தி அத்துணை பரவலாக அறியப்பட்டதன்று. மன்னன் தானே தேரிற் சென்றபொழுது அதன் நுகத்தடி பட்டுத் தூபியொன்றின் கற்கள் பெயர்ந்தன. மன்னன் தேரினின்றும் இறங்கி வழியிற் கிடந்து, தன் தலையையும் தேர்க்காலினால் துண்டிக்குமாறு பணித்தான். பிறர்க்குத் துன்பம் விளைதலைத் தம் ஆசான் விரும்பார் என்றும், தூபியைச் செப்பனிட்டுப் பொறுத்தல் பெறுவதே தக்கது என்றும் அவனுக்குக் கூறப்பட்டது. பெயர்ந்த கற்கள் 15. அவற்றை மீளப் பதிப்பதற்கு மன்னன் செலவிட்டது 15,000 கஹாபணம் என்று நூல் கூறுகின்றது.

ஒரே மன்னன், ஒரே தேர்க்கால், தீர்ப்புகள் மட்டும் இரண்டு. கல் பெயர்ந்தவிடத்து ஈடு செய்தல் போதியதாயிற்று. கன்று மடிந்தவிடத்து அது போதவில்லை. கல்லை எடுத்த இடத்தில் மீள வைக்கலாம். கன்றினை வைக்க இயலாது. அவ்வாறாயின், மீள வைக்க இயலாத ஒன்றை வீதியில் ஒருவன் அழித்துவிட்டபொழுது, பணத்தினாற் செய்யப்படும் ஈடு அறத்தின்பாற்பட்டதாகுமா? அழித்தவன் மதுவுண்டிருந்தான் என்பதும், அழிவுக்குள்ளானவனே மதுவுண்டிருந்தான் என்பதும் அவ்வீட்டின் அளவை எவ்வாறு பாதித்தல் வேண்டும்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் அயலவரின் கதை

அறவியல் வினாக்கள் நூல்களிலிருந்து மட்டும் பிறப்பனவல்ல. எங்கள் ஊரில் மேசன் வேலை செய்து வந்த அயலவர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் மாலை வேலை முடிந்து கூலியும் பெற்றுக்கொண்டு, வழியிலிருந்த தவறணையிற் கள் அருந்திவிட்டுத் துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியில் விளக்கில்லை. எதிரே வந்த லொறியொன்று வளைவில் வீதியின் மறுபக்கத்துக்கு வந்து அவரை மோதியது. லொறிச் சாரதி நன்றாகக் குடித்திருந்தான் என்பதை அவனைத் தூக்கி நிறுத்தியவர்கள் எல்லோரும் அறிந்தனர். அயலவர் உயிர் தப்பினார்; வலக்கால் முழங்காலின் கீழ் நீக்கப்பட்டது.

அவர் வைத்தியசாலையிலிருந்து வீடு வந்த சில நாட்களில் லொறிச் சொந்தக்காரரின் ஆட்கள் இருவர் வந்தனர். ஒரு தொகைப் பணமும் தட்டச்சிற் பொறித்த தாளொன்றும் கொணர்ந்தனர். மேற்கொண்டு எவ்வித கோரிக்கையும் இல்லை என்பது தாளின் சாரம். வீட்டிலே அரிசிக்கும் மருந்துக்கும் பணமில்லாத நேரம் அது. அவர் கையொப்பமிட்டார். ஊர்ப் பெரியவர்கள் அருகிலிருந்தனர்; ஒருவரும் தடுக்கவில்லை. “அவனும் குடிச்சுப்போட்டுத்தானே போனவன்” என்பதே ஊரின் தீர்ப்பாயிருந்தது. அத்தீர்ப்பை அயலவரும் ஏற்றுக்கொண்டார் என்பதுதான் இதில் மிகவும் துயரமானது. “என்ர விதி, தம்பி” என்று அவர் திண்ணையில் இருந்தபடி கூறியது இன்றும் என் செவியில் உள்ளது. அன்று சிறுவனாயிருந்த எனக்கும் அத்தீர்ப்பு நியாயமானதாகவே தோன்றிற்று. பிற்காலத்தில் சட்டமும் அறவியலும் சிறிது கற்றபொழுதுதான் அதில் எத்துணைப் பிழைகள் பொதிந்துள்ளன என்பது புலனாயிற்று.

உடலுக்கு விலை உண்டோ?

இலங்கையிற் பிறர்க்கு இழைக்கும் தீங்குகள் பற்றிய சட்டத்தின் அடிப்படை உரோம-டச்சுச் சட்டமாகும். ஒல்லாந்தர் 1796 இல் இங்கிருந்து அகன்ற பின்னரும், 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயர் அச்சட்டத்தை நிலைக்கவிட்டனர். அதன் வேர் கி.மு. 3 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்குவிலியச் சட்டத்திற் சென்று முடிகின்றது. பிறருடைய அடிமையையோ கால்நடையையோ முறைகேடாகக் கொன்றவன் உரிமையாளனுக்கு அதன் பெறுமதியைச் செலுத்த வேண்டும் என்பது அச்சட்டத்தின் முதன்மையான விதி.

இங்கு ஒரு செய்தி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. அடிமைக்கு விலையுண்டு, மாட்டுக்கு விலையுண்டு, சுதந்திர மனிதனின் உடலுக்கு உரோமர் விலை கூறவில்லை. வீட்டிலிருந்து எறியப்பட்ட பொருளொன்றினால் ஒருவன் காயமுற்றால், நீதிபதி வைத்தியச் செலவையும் இழந்த உழைப்பையும் கணக்கிடலாம். வடுவையும் உருச்சிதைவையும் கணக்கிடலாகாது. ஏனெனிற் சுதந்திர மனிதனின் உடல் மதிப்பீட்டுக்கு அப்பாற்பட்டது என்ற கருத்தைக் கயஸ் என்னும் சட்ட அறிஞர் கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் வெளியிட்டார். மேலோட்டமாக நோக்கின் இது மனிதனைப் போற்றும் கொள்கையாகத் தோன்றும். ஆயின் அதன் விளைவு யாது? விலை மதிப்பற்றது என்று போற்றப்பட்ட உடலுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை என்பதே விளைவு. போற்றுதல் ஏட்டில் நின்றது. முடவன் வெறுங்கையோடு நின்றான்.

ஒல்லாந்த நாட்டுச் சட்ட அறிஞர் இக்குறையை உணர்ந்தனர். காயமுற்றவனின் நோவுக்கும் உருச்சிதைவுக்கும் தனியாக ஈடு கோரலாம் என்ற விதி அவர்கள் காலத்தில் உருப்பெற்றது. எமது நீதிமன்றங்களிலும் வைத்தியச் செலவு, இழந்த வருவாய், இனி இழக்கப்போகும் வருவாய் ஆகியவற்றோடு, பட்ட நோவும் இழந்த வாழ்க்கை இன்பமும் கணக்கிற் கொள்ளப்படுகின்றன.

காலுக்குப் பணம் பெறுதல் காலை விற்றலாகாதா என்று சிலர் வினவுவர். மான உணர்வு மிக்க எமது சமுதாயத்தில் இவ்வினா எழுதல் இயல்பே. இறந்தவரின் பேரிற் பணம் பெறுவதைப் பழியாகக் கருதும் குடும்பங்கள் இன்றும் உள. இதற்கு விடை எமது மொழியிலேயே இருக்கின்றது. விலை வேறு, ஈடு வேறு. விலை என்பது கொடுப்போனும் கொள்வோனும் முன்னரே உடன்பட்டுத் தீர்மானிப்பது. காலை இழந்தவன் எத்தொகைக்கும் அதனை இழக்க உடன்பட்டிருக்கமாட்டான். எனவே அவன் பெறுவது விலையாகாது. யாழ்ப்பாணத்திற் காணியை ஈடு வைத்தல் என்று கூறுகின்றோம். ஈடு வைத்த காணி விற்ற காணியன்று. அதன் மீதான உரிமை அழிவதில்லை. அதுபோலவே, ஈட்டைப் பெற்றவன் தனது இழப்பைக் கைமாற்றிவிடவில்லை. இழப்பு அவனுடையதாகவே இருக்கின்றது. அதன் சுமையில் ஒரு பகுதியைச் சுமத்தியவனே தாங்குதல் வேண்டும் என்பதே ஈட்டின் பொருள்.

அரிஸ்ரோட்டில் நீதியைப் பகிர்வு நீதி, திருத்து நீதி என இரண்டாக வகுத்தார். திருத்து நீதியின்கண், தீங்கிழைத்தவன் நல்லவனா தீயவனா என்பது நோக்கப்படுவதில்லை. ஒருவன் இழைத்தான், மற்றவன் இழந்தான் என்பதே நோக்கப்படுகின்றது. இருவருக்குமிடையே குலைந்த சமநிலையை மீட்பதே நீதிபதியின் பணி. எல்லாளன் 15 கற்களுக்காக 15,000 கஹாபணம் செலவிட்டமை இச்சமநிலைக்கும் மேலானது. கல்லின் பெறுமதி அத்துணை இராது. மிகுதி அவனது வருத்தத்தின் அளவு. ஈட்டில் இவ்விரண்டும் உண்டு: இழப்பை நிரப்புதல் ஒன்று, இழைத்தது தீங்கே என ஏற்றுக்கொள்ளுதல் மற்றொன்று. அயலவருக்குக் கொணரப்பட்ட தாளில் முதலாவது குறைவாயிருந்தது. இரண்டாவது அறவே இல்லை.

மதுவும் பொறுப்பும்

குடித்தவனுக்கு அறிவு மயங்கிவிடுகின்றது. மயங்கிய அறிவோடு செய்த செயலுக்கு அவனைப் பொறுப்பாளியாக்குதல் தகுமா? குற்றத்துக்கு மனமே அடிப்படையெனின், மனம் தன் வசமில்லாத நிலையிற் குற்றம் ஏது?

இவ்வினா மிகப் பழையது. மிற்றிலீனின் ஆட்சியாளனாயிருந்த பிற்றாக்கஸ், மதுமயக்கத்திற் குற்றமிழைத்தவனுக்கு மதுவுண்ணாதவனிலும் பார்க்கக் கூடிய தண்டம் விதித்தான் என அரிஸ்ரோட்டில் குறிப்பிடுகின்றார். மயக்கத்திற்குக் காரணம் அவனே. மதுவுண்ணாதிருத்தல் அவன் கையில் இருந்தது. ஆதலின் அறியாமையை அவன் காரணம் காட்டலாகாது என்பது அவர் தரும் விளக்கம். எமது 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் இவ்வழியிலேயே செல்கின்றது. தன் விருப்பத்திற்கு மாறாகவோ தான் அறியாமலோ மது புகட்டப்பட்டவனுக்கு அது விலக்களிக்கின்றது. தானே விரும்பி உண்டவனை, மதுவுண்ணாதிருந்தால் அவனுக்கு இருந்திருக்கக்கூடிய அறிவு உடையவனாகவே கருதுகின்றது.

இவ்விளக்கம் பெரிதும் ஏற்கத்தக்கதே. சாரதியின் தவறு வளைவிலே நிகழவில்லை. வண்டியைச் செலுத்த வேண்டியவன் தான் என்று அறிந்துகொண்டே குவளையைக் கையிலெடுத்த கணத்தில் நிகழ்ந்துவிட்டது. அக்கணத்தில் அவன் அறிவு தெளிவாயிருந்தது. வள்ளுவர் கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாக வகுத்தது தனிமனித ஒழுக்கம் கருதி எனலாம். அக்காலத்திற் குடித்தவனின் கையிற் பல தொன் நிறையுள்ள இயந்திரம் இருக்கவில்லை. இயந்திர யுகத்தில் மதுவுண்ணல் ஒழுக்கக் குறைபாடாக மட்டும் நிற்பதில்லை. அயலானின் உயிர்மீது அவனைக் கேளாமல் வைக்கும் பந்தயமாகிவிடுகின்றது. 1967 இல் இங்கிலாந்து, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரமிருக்க வண்டி செலுத்துதலையே குற்றமாக்கிய சட்டத்தை இயற்றியது. விபத்து நிகழ்ந்ததா, சாரதி தள்ளாடினானா என்ற ஆராய்ச்சி அங்கு தேவையில்லை. பந்தயம் வைத்தமையே குற்றம்.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தண்டனை குற்றவாளியின் குற்றத்தை அளவுகோலாகக் கொண்டது. நட்டஈடு இழந்தவனின் இழப்பை அளவுகோலாகக் கொண்டது. குடித்த சாரதி மோதினாலும், நித்திரைக் கலக்கத்திற் கண்ணயர்ந்த சாரதி மோதினாலும், போன கால் ஒன்றே. ஆகவே சாரதி குடித்திருந்தான் என்பது அவனது கவனயீனத்தை நிறுவுவதற்கு வலிய சான்றாகுமே தவிர, காலின் ஈட்டைத் தானாகவே இரட்டிப்பாக்கிவிடாது. அவன் சிறை செல்வதும் ஈடு கொடுப்பதும் தனித்தனிக் கடமைகள். ஒன்றைச் செய்தமையால் மற்றது தீர்ந்துவிடாது. “அவன் மறியலுக்குப் போய்விட்டானே, இனி என்ன?” என்று கேட்போர் இவ்விரண்டையும் மயங்க உணர்ந்தோராவர்.

குடித்த காயக்காரன்

இனி, ஊரின் தீர்ப்புக்கு வருவோம். காயமுற்றவனும் குடித்திருந்தான், ஆகவே அவனுக்கு உரிமையில்லை என்பது அத்தீர்ப்பு. பழைய சட்டமும் ஏறத்தாழ இதனையே கூறிற்று. தீங்குக்கு ஆளானவனின் கவனயீனமும் அதற்குக் காரணமாயின் அவன் ஒன்றும் பெறமுடியாது என்பது பண்டைய விதி. விபத்தைத் தவிர்க்கும் இறுதி வாய்ப்பு எவனிடம் இருந்தது என்று ஆராய்ந்து நீதிமன்றங்கள் அதன் கடுமையை ஓரளவு தணித்தன. ஆயினும் முழுவதும் அல்லது ஒன்றுமில்லை என்ற நிலையே நீடித்தது. இங்கிலாந்து 1945 இலும், தென்னாபிரிக்கா 1956 இலும் இவ்விதியை மாற்றின. இலங்கையில், பங்களிப்புக் கவனயீனமும் கூட்டுத் தீங்கிழைத்தோரும் பற்றிய 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இம்மாற்றத்தைக் கொணர்ந்தது. இதன்படி, காயமுற்றவனின் தவறு அவனது உரிமையை அழிப்பதில்லை. தவறின் அளவுக்கேற்ப ஈடு குறைக்கப்படுகின்றது.

இம்மாற்றத்தின் உட்கிடையான அறவியற் கருத்து யாது? ஒருவனின் ஒழுக்கத்துக்கும் விபத்தின் காரணத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைச் சட்டம் கண்டுகொண்டது என்பதே அது. அயலவர் கள் அருந்தியது நல்லதா தீயதா என்பது ஒரு வினா. அவர் அருந்திய கள் அவ்விபத்துக்கு எவ்வளவு காரணம் என்பது வேறொரு வினா. அவர் தன் பக்கத்திலே நேராக வந்துகொண்டிருந்தாராயின், அவர் வயிற்றிலிருந்த கள் லொறியை மறுபக்கத்துக்கு இழுத்து வரவில்லை. விளக்கில்லாமல் வந்தமை ஒரு குறைதான். அதற்குரிய பங்கு அவர் ஈட்டிற் கழிக்கப்படலாம். எஞ்சிய பங்கு அவருடைய உரிமை. ஊரார் அவருடைய ஒழுக்கத்துக்கு மதிப்பெண் இட்டனர். நீதிமன்றம் காரணத்துக்குப் பங்கு வகுத்திருக்கும். முன்னையது நீதிபோலத் தோன்றும் வெறுப்பு, பின்னையதே நீதி.

குடித்த சாரதியோடு தெரிந்தே பயணம் செய்பவனின் நிலை இதனினும் நுட்பமானது. இங்கிலாந்தில் 1939 இல் தீர்க்கப்பட்ட வழக்கொன்றில், சாரதி குடித்திருந்ததை அறிந்தும் வண்டியில் ஏறிய பெண், தீங்குக்கு உடன்பட்டவளாகக் கருதப்படமாட்டாள் என நீதிபதி கொண்டார். 1977 இல் வெளியான மற்றொரு தீர்ப்பு, சாரதியும் பயணியும் கூடியே மதுச்சாலைகளுக்குச் சென்று குடித்த வழக்குப் பற்றியது. கடுங்காயமுற்ற பயணியின் ஈட்டில் நீதிமன்றம் 20 வீதத்தைக் கழித்தது. 80 வீதத்தை வழங்கிற்று. ஆபத்தை அறிதல் வேறு, ஆபத்தை விளைத்தவனை மன்னித்துவிடுதல் வேறு என்பதே இத்தீர்ப்புகளின் கருத்து. நண்பனை நம்பி ஏறியவன் பேதையாயிருக்கலாம், பேதைமை உரிமையிழப்பாகாது.

அயலவர் விதியைப் பற்றிக் கூறியதும் ஆராயத்தக்கது. ஊழின் வலிமையை எமது இலக்கியங்கள் மறுக்கவில்லை. ஆயின், துன்புற்றவன் தன்னைத் தேற்றிக்கொள்வதற்குக் கூறும் ஊழ் ஒன்று. துன்புறுத்தியவன் தன் கடமையைக் கழித்துக்கொள்வதற்குக் கூறும் ஊழ் மற்றொன்று. கன்று தேர்க்காலில் அகப்பட்டது அதன் ஊழ் என்று கூறி எல்லாளன் மணியோசையைக் கேளாதிருந்திருக்கலாம். அவன் அவ்வாறு கூறவில்லை என்பதற்காகவே, அவனது சமயத்தைச் சாராத நூலொன்று அவன் நீதியைப் போற்றுகின்றது.

துயருக்கு ஈடு

உயிரிழப்பு நேர்ந்தவிடத்துச் சிக்கல் இன்னும் பெரிதாகின்றது. உரோம-டச்சுச் சட்டத்தின்படி, உழைத்துக் காத்தவன் இறப்பின், அவனை நம்பி வாழ்ந்தோர் இழந்த ஆதரவைக் கோரலாம். அவர்களது துயருக்கு ஈடில்லை. இதன் விளைவாக, உழைக்கும் தந்தை இறந்தால் ஈடுண்டு. உழைக்காத குழந்தை இறந்தால் ஏறத்தாழ ஒன்றுமில்லை. 2001 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், வைத்தியக் கவனயீனம் பற்றிய வழக்கொன்றிற் பிள்ளையை இழந்த தந்தையின் கோரிக்கையை ஆராய்ந்தபொழுது, அன்பும் துணையும் இழந்தமைக்கு அக்குவிலிய வழக்கின் வழியே ஈடு பெற முடியாது என்றே கொண்டது. கயஸின் பழைய தயக்கம் பதினெட்டு நூற்றாண்டுகளின் பின்னரும் ஒலித்தது எனலாம். ஒருவரது மரணம் தொடர்பில் நட்டஈடு அறவிடுதல் பற்றிய 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டமே, பிறரின் தவறான செயலால் நிகழ்ந்த மரணத்தின்போது, நெருங்கிய உறவினர் இழந்த அன்பையும் பராமரிப்பையும் துணையையும் கோரிக்கைக்குரியனவாக ஏற்றது.

பிள்ளையின் அன்பைப் பணத்தால் அளக்கலாமோ என இதனைக் குறைகூறுவோர் உளர். அளக்க முடியாதுதான். ஆனால் அளக்க முடியாததை எழுதாது விடுவோமாயின், நீதியின் கணக்கேட்டில் அது பூச்சியமாகவே பதியப்படும். குறைவாக மதிப்பிடுதல் பிழை. பூச்சியமாக மதிப்பிடுதல் அதனினும் பெரும்பிழை.

யார் கொடுப்பது?

இறுதியாக ஒரு வினா எஞ்சுகின்றது. சாரதியிடம் பணமில்லையாயின் என் செய்வது? 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியமை இதற்காகவே. கொடுப்பவன் சாரதியல்லன், காப்புறுதிக் கூட்டுத்தாபனமோ கம்பனியோதான் என்றால், ஈடு தன் அறப்பண்பை இழந்துவிடுகின்றதே என ஐயுறலாம். பணக்கடன் கைமாறக்கூடியது, மனக்கடன் கைமாறாது என்பதே இதற்கு விடை. காப்புறுதி பணத்தைச் செலுத்தும். காயமுற்றவனின் திண்ணைக்கு வந்து அவன் முகத்தைப் பார்க்காது. அது சாரதியே செய்ய வேண்டியது.

நியூசிலாந்து இன்னும் ஒரு படி சென்றது. நீதிபதி வூட்ஹவுஸ் தலைமையிலான ஆணைக்குழு 1967 இல் அளித்த அறிக்கையின் வழியில், 1974 முதல் அந்நாட்டில் விபத்திற் காயமுற்றோர் எவருடைய தவறையும் நிரூபிக்காமலே ஈடு பெறுகின்றனர். வழக்காடி அலைவதினின்றும் வறியவனை இது காக்கின்றது. ஆனால் இழைத்தவனுக்கும் இழந்தவனுக்கும் இடையிலிருந்த நேர்முகத் தொடர்பும் இதில் அறுந்துபோகின்றது. எமது நாட்டிலோ, மதுவரி வருமானம் ஈட்டித் தவறணைக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதும் அரசே. அவ்வருமானத்தில் ஒரு பங்கு, அம்மதுவினால் வீதியில் வீழ்ந்தோருக்குச் செல்ல வேண்டும் எனக் கோருதல் மிகையாகாது. குவளையினால் இலாபம் பெறுவோர் யாவரும் குவளையின் விளைவிலும் பங்கு கொள்ளுதல் நியாயமே.

ஆயினும் சட்டம் எத்துணை செம்மையாயிருப்பினும் அறியாதவனுக்கு அது இல்லாததே. தீங்கு பற்றிய வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என 1871 ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் வரையறுக்கின்றது. எங்கள் அயலவர் ஊன்றுகோலுடன் நடக்கப் பழகி, பிள்ளைகளின் பசிக்கு வழிதேடி முடிவதற்குள் அவ்விரண்டு ஆண்டுகளும் கழிந்துவிட்டன. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்திய அறிக்கை, வண்டியின் காப்புறுதி விபரம் ஆகியவற்றைத் தேடிவைக்க வேண்டும் என்றோ, சட்ட உதவி பெற்று ஒருவரிடம் காட்டுமுன் எத்தாளிலும் கையொப்பமிட வேண்டாம் என்றோ அவருக்குச் சொல்ல ஊரில் ஒருவர்கூட இருக்கவில்லை. இருந்தவர்கள் தீர்ப்புக் கூறுவதிற் கருத்தாயிருந்தனர்.

எல்லாளனின் கதையில் நாம் எப்பொழுதும் தேர்க்காலையே நோக்குகின்றோம், மணியை நோக்குவதில்லை. பசுவொன்று வந்து அசைக்கக்கூடிய உயரத்தில் அம்மணியின் கயிறு தொங்கியது என்பதே அவ்வரசின் சிறப்பு. அசைத்த பசு நல்ல பசுவா என்று ஒருவரும் கேட்கவில்லை. எமது நீதிமன்றங்களிலும் மணி உண்டு. கயிறுதான் வறியவனின் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றது. பல்கலைக்கழகத்திற் கற்றுவிட்டு ஊர் திரும்பும் நாம், அக்கயிற்றை ஒரு சாண் தாழ்த்துவோமாயின் அதுவே நாம் செய்யக்கூடிய ஈடாகும். அந்தத் தாளில் அவர் கையொப்பமிட்ட நாளில், பேனாவை எடுத்துக் கொடுத்த சிறுவன் நான்தான்.